மெட்டு எங்கே போச்சு?

ஜாஸ் இசையை முதல் தடவை கேட்கிற எவரும் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். நியூயார்க்கிலும் அதே கேள்விதான், விருதுநகர் மாவட்டம் செட்டியார்பட்டியிலும் அதே கேள்விதான். என் அக்கா வீட்டுக்காரர் இப்படிக் கேட்டார்:

"நல்லாத்தான மாப்ள ஆரம்பிச்சாங்க. மெட்டு எங்க போச்சு?"

ராஜபாளையத்தில் தளவாய்புரம் பஸ் ஏறினால் செட்டியார்பட்டி பக்கம்தான். மச்சானுக்கு அங்கே நாலு விசைத்தறி. பேண்டேஜ் துணி ஓடுகிறது. கரண்ட் போன ஒரு மத்தியானம், தறியெல்லாம் நின்று தெருவே அமைதியாகிவிட்ட நேரத்தில், ஷெட் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, செல்போனில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை ஓடவிட்டேன். மச்சானை ஜாஸ் ரசிகராக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. எனக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியம் பிடித்தவனுக்குத் துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல்தான் நான் இருபது வருஷத்துக்கு மேல் ஜாஸ் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தத் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994-ல் பாலசந்தரின் 'டூயட்' வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ரஹ்மான் இசை. படத்தில் பிரபு சாக்ஸபோன் வாசிப்பார். நிஜத்தில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். உங்களில் பலருக்கும் சாக்ஸபோன் அறிமுகமானது அந்தப் படத்தில்தான் இருக்கும். யாரோ ஒரு அண்ணன், 'சாக்ஸபோன்னா ஜாஸ்டா' என்று சொன்னதை நம்பி, கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு ஜாஸ் கேஸட் வாங்கினேன். 'டூயட்' மாதிரியே உருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால், ஆளுக்கு ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நானோ பி.காம். மாணவன். ஒரு பக்கம் டெபிட் என்றால் இன்னொரு பக்கம் கிரெடிட் வர வேண்டும், கடைசியில் இரண்டும் டாலி ஆக வேண்டும். இந்தக் கணக்கு டாலி ஆகவே இல்லை. கேஸட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அதன் மேலேயே வேறு பாட்டைப் பதிவு செய்துகொண்டான்.

பிற்பாடு தெரிந்தது, கேஸட்டில் தப்பில்லை. கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளின் அமைப்பு ரொம்ப எளிமையானது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒரு தடவை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். பல்லவி, நிரவல், கற்பனாஸ்வரம், திரும்பவும் பல்லவி என்று கச்சேரியில் கேட்டவர்களுக்கு இது பழகிய பாதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ராகமும் தாளமும் எல்லை. ஜாஸில் மெட்டுக்கு அடியில் ஓடுகிற கார்டுகளின் வரிசைதான் எல்லை. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்டு. மெட்டு முடிந்த பிறகும் அந்த வரிசை நிற்காது, ஆவர்த்தனம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே வாசிப்பவர் அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் புது மெட்டு போட்டுக்கொண்டே போவார்.

ஆக, மெட்டு எங்கேயும் போகவில்லை. தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே மேலே வருவதைக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் மச்சானிடம் விளக்கினேன். பாதிப் பிரசங்கத்தில் கரண்ட் வந்துவிட்டது. நாலு தறியும் ஒன்றாகக் கிளம்பின. உள்ளே போனவர் சட்டென்று திரும்பி மூன்றாவது தறிக்கு ஓடினார். பாவில் ஒரு இழை அந்திருந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சத்தம் மாறும்ல. நாலும் ஒண்ணா ஓடுனாலும் ஒவ்வொண்ணையும் தனியாக் கேக்கணும் மாப்ள. இல்லேன்னா துணி வீணாப்போயிரும்."

புத்தகங்களில் படித்ததைவிட இது எனக்கு உபயோகமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரே உருப்படியை நாலு தடவை கேட்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் தடவை பாஸ் மட்டும். அடுத்த தடவை டிரம்ஸ். மூன்றாவது தடவை பியானோ. கடைசியாகத்தான் டிரம்பெட்டும் சாக்ஸபோனும். நீங்களும் முயற்சி செய்து பாருங்கள். சத்தமாக இருந்தது சம்பாஷணையாக மாறும்.

ஆரம்பிக்க நல்ல இடம் மச்சானுக்குப் போட்ட அதே ஆல்பம்தான். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. வந்தவர்கள் கையில் மைல்ஸ் கொடுத்தவை சின்னச் சின்னக் குறிப்புகள்தான். மீதியை அங்கேயே வாசித்துக் கண்டுபிடித்தார்கள். முதல் உருப்படி 'ஸோ வாட்'. இதில் மெட்டைச் சொல்வது ஆச்சரியமாக பாஸ். மூலையில் நின்று 'தும் தும்' என்று உழைக்க வேண்டிய வாத்தியம் முன்னால் வந்து ஒரு கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்கிறார்கள். 'அதுக்கென்ன' என்கிற மாதிரியான பதில். தலைப்பும் அதுதான்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: நாலு நாலாக எண்ணுங்கள். நாலு எண்ணினால் ஒரு கட்டம். 32 கட்டம் ஒரு சுற்று. முதல் 16 கட்டமும் ஒரே ஸ்வர வரிசை. அடுத்த எட்டில் அதே வரிசை அரை ஸ்வரம் மேலே ஏறும். கடைசி எட்டில் பழைய இடத்துக்கே இறங்கும். மேலே ஏறுகிற அந்த இடம் பிடிபட்ட அன்றைக்கு எனக்கு முதல் தடவையாக ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆன சந்தோஷம்.

அந்த ஸ்வர வரிசையை நம் கணக்கில் எழுதினால் கரகரப்பிரியா வருகிறது. பாட்டு வாத்தியார்கள் அடிக்க வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஸ்வரங்கள்தான் ஒன்று, ராகம் ஒன்றல்ல. கமகம் இல்லாமல் கரகரப்பிரியா ஏது? ஆனால் நம் காதுக்கு அந்த ஆல்பம் அந்நியமாகத் தோன்றாததற்கு இது ஒரு காரணம். அடிக்கடி மாறுகிற கார்டுகளைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாக உலாவ இடம் விட்டார் மைல்ஸ். நம் வித்வான்கள் காலம் காலமாகச் செய்கிற வேலை.

மறுநாள் மச்சானுக்கு மறுபடி போட்டேன். மைல்ஸின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ சாக்ஸபோன் என்று வரிசையாக வாசிப்பார்கள். கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்:

"முதல் ஆளு காச எண்ணி எண்ணிச் செலவழிக்கிறாரு. ரெண்டாவது ஆளு சம்பளம் வந்த அன்னிக்கே மொத்தத்தையும் இறைச்சிட்டாரு. மூணாவது ஆளு கடன்காரனப் பாத்தும் சிரிச்சிக்கிட்டே போறாரு."

இந்த ஆல்பத்தைப் பற்றி நிறைய விமர்சனம் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மைல்ஸ் விடுகிற இடைவெளிதான் அவர் சங்கீதம். கோல்ட்ரேன் நெருக்கி நெருக்கி நிரப்புகிறார். ஆடர்லி சோகத்தைக்கூடக் குதூகலமாகச் சொல்கிறார். ஒரே பாட்டு, ஒரே கார்டு, மூன்று சுபாவம். ஜாஸில் பாட்டைவிட வாசிப்பவரைத்தான் கேட்கிறோம்.

அடுத்த படி, தாளம். நமக்குக் கை தட்டச் சொன்னால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவோம். ஜாஸின் அழுத்தம் இரண்டிலும் நாலிலும். அப்படித் தட்டிப் பாருங்கள், தலை தானாக ஆடும். இந்த நாலெண்ணிக்கையை விட்டு வெளியே வந்த புகழ்பெற்ற உருப்படி, டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959). எழுதியவர் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். பேரிலேயே ஐந்து இருக்கிறது. நம் கண்டசாபு 'தக தகிட' என்றால், இவர்களுடையது 'தகிட தக' என்று திருப்பிப் போட்ட ஐந்து. இதைப் பதிவு செய்வதற்கு முந்தைய வருஷம், 1958-ல், இந்தக் குழு இந்தியா முழுக்கச் சுற்றிச் சென்னையிலும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறது.

மூன்றாவது பரிந்துரை, கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' (1961). 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் வருகிற, கான்வென்ட் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பாட்டு. மெட்டு முன்பே தெரியும் என்பதால் எங்கே விலகுகிறார் என்பது பளிச்சென்று புரியும். இதில் அவர் எடுத்தது வளைந்த டெனர் சாக்ஸபோன் அல்ல, நேராக நீண்ட சொப்ரானோ சாக்ஸபோன். ஓர் இடத்தில் பாட்டு நின்று போய், அடியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்ற, இவர் அதன் மேல் ஏறி ஏறிப் போவார். கேட்டவுடன் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் ஞாபகம் வந்தது. அதே மூக்குச் சத்தம், அதே ஏக்கம். நாதஸ்வரம்!

இந்த உறவைக் கண்டுபிடித்தது நானில்லை. பாஸ்டன்காரரான சார்லி மரியானோ (1923-2009) என்ற சாக்ஸபோன் கலைஞர் மெனக்கெட்டு நாதஸ்வரமே கற்றுக்கொண்டு ஜாஸில் வாசித்தவர். எதிர்த் திசையில் வந்தவர் கத்ரி கோபால்நாத் (1949-2019). அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவர வருஷக்கணக்கில் போராடி ஜெயித்தார். ஆக, 'டூயட்' பார்த்துவிட்டு நான் ஜாஸ் என்று நினைத்தது ஜாஸே இல்லை. நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

இந்த இரண்டு வழியும் சந்திக்கிற இடம் 'கின்ஸ்மென்' (2008) என்கிற ஆல்பம். ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், இந்திய வம்சாவளி. படிக்கிற காலத்தில் அவருடைய அண்ணன் கத்ரியின் குறுந்தகடு ஒன்றைக் கிண்டலாகப் பரிசளிக்க, தம்பிக்கு அது கிண்டலாக இல்லை. பின்னாளில் கத்ரியைத் தேடி வந்து சேர்ந்து வாசித்தார். வயலினில் கன்னியாகுமரி.

நம் ஊர் ஃப்யூஷன் கச்சேரிகள் பெரும்பாலும் என்னைச் சோதிப்பவை. இவர் கொஞ்சம், அவர் கொஞ்சம், கடைசியில் வேக வேகமாக ஒரு கேள்வி-பதில், கூட்டம் கை தட்டும். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பார்களே தவிர, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள். 'கின்ஸ்மென்'னில் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்களும் ஒன்றையொன்று உண்மையாகவே கேட்கின்றன. எது யார் என்று சில இடங்களில் குழப்பம் வருகிறது. அந்தக் குழப்பம்தான் அந்த ஆல்பத்தின் வெற்றி.

எல்லா ஜாஸையும் ரசிக்கிறேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' என்று ஒன்று இருக்கிறது. நாலு நாலு பேராக இரண்டு குழுக்கள், மொத்தம் எட்டுப் பேர், 37 நிமிடம், ஒரே நேரத்தில். பெரிய புரட்சி என்கிறார்கள். எனக்கு இன்னும் எட்டுத் தறியிலும் ஒரே நேரத்தில் இழை அந்தது மாதிரிதான் இருக்கிறது. அதேபோல விரல் வேகத்தைக் காட்டவே வாசிப்பவர்களும் உண்டு. அவர்களை ரசிக்க ஸ்டாப்வாட்ச் போதும், காது வேண்டாம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு, சார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஜாஸ் இந்தியாவுக்குப் புதுசில்லை. 1935-லேயே லியான் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு வந்து வாசித்தார். கோவாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிக் சாக்லேட் என்ற பெயரில் டிரம்பெட் வாசித்தவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அழைத்தார்கள். நரேஷ் பெர்னாண்டஸ் 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கலைஞர்களில் பலருக்குச் சோறு போட்டது ஹிந்தி சினிமா. இரவில் மனசு போனபடி வாசித்தவர்கள் பகலில் ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த நாலு வரி இடையிசையை வாசித்தார்கள். திரையில் அவர்கள் பெயர் வராது.

தமிழிலும் அதேதான். 'புதிய பறவை' (1964) படத்தில் சௌகார் ஜானகி கிளப்பில் பாடுகிற காட்சியைத் திரும்பப் பாருங்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தி அந்த இசையின் ருசியை எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார்கள்! ஆனாலும் அது பாட்டு. வாத்தியக்காரருக்கு அங்கே கிடைப்பது சில வினாடி. அதற்குள் அடுத்த சரணம் வந்துவிடும், வந்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படியே கேட்டு, வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தால் 'எப்போ பாடுவாங்க' என்று காத்திருக்கப் பழகிவிட்டோம். மெட்டு எங்கே போச்சு என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. சினிமாவைக் குறை சொல்லவில்லை. காதுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டோம் என்கிறேன்.

அதன் விலை என்ன என்பதை மூன்று மாதம் கழித்து ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன்.

மச்சானின் பங்காளி வீட்டுக் கல்யாணம். மேடைக்குப் பக்கவாட்டில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். அவர்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே வீடியோக்காரரின் விளக்கு. வித்வானுக்கு அறுபது வயதிருக்கும். யாரோ கேட்டதற்காக ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா! நாதஸ்வரம் எனக்குச் சாம்பிராணிப் புகை மாதிரி, இருந்தால்தான் விசேஷம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

பாட்டின் பல்லவியை இரண்டாவது தடவை எடுத்தவர், பாதியில் விலகினார். சின்னதாக ஒரு வளைவு. அப்புறம் இன்னொன்று. பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போக ஆரம்பித்தார். இரண்டாவது நாதஸ்வரக்காரர் அவர் விட்ட இடத்தில் சன்னமாகத் தாங்கிப் பிடித்தார். தவில்காரர் கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

மச்சான் என் விலாவில் இடித்தார். "மாப்ள, மெட்டு எங்க போச்சு?"

சிரித்துக்கொண்டே கேட்டார். இந்த முறை இருவருக்கும் விடை தெரியும்.

இரண்டு பேரும் எழுந்து போய் அவர் எதிரில் நின்றோம். நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் கேட்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு வாசித்ததை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் மேல் ஸ்வரத்தில் போய் நின்றார். மைல்ஸ் டேவிஸ் மாதிரி, ஒன்றுமே வாசிக்காமல் ஒரு வினாடி விட்டார். பிறகு இறங்கி இறங்கி வந்து அந்தச் சினிமாப் பாட்டின் பல்லவியில் கால் வைத்தபோது, நானும் மச்சானும் ஒரே நேரத்தில் 'ஆஹா' என்றோம். எங்களைத் தவிர திரும்பிப் பார்த்தது ஒரு சின்னப் பையன் மட்டும்தான். பத்து நிமிடம் இருக்கும். "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

சடங்கெல்லாம் முடிந்து சீவாளியைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னோம், ரொம்ப நல்லா இருந்தது என்று. கும்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேரு வந்து நின்னீங்க. அதான் கொஞ்சம் வாசிச்சேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே வந்தது. இரண்டு பேர் நின்றால் இவ்வளவு என்றால், யாருமே நிற்காத கல்யாணங்களில் எவ்வளவை வாசிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பார்? எழுதி வைத்ததை வாசிப்பவருக்குக் கேட்பவர் இல்லாவிட்டாலும் காகிதம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் கண்டுபிடித்து வாசிப்பவருக்கு எதிரே இருக்கிற முகம்தான் காகிதம். பம்பாயில் அந்த டிரம்பெட்காரர்களுக்கும் ராஜபாளையத்தில் இந்த வித்வானுக்கும் இதில் வித்தியாசமில்லை. நியூயார்க்கில் 1959-ல் வாசித்ததைக் கேட்கக் கற்றுக்கொள்ளப் போய், சின்ன வயசிலிருந்து பக்கத்திலேயே இருந்ததை நாற்பது வயசுக்கு மேல்தான் கேட்டேன் என்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் 'ஸோ வாட்'டை நாலு தடவை கேளுங்கள். பாஸை முதலில் கேளுங்கள். காது கொஞ்சம் பழகியதும் அடுத்த கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு எதிரே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாங்கள் நின்று கேட்டதில் மூன்றாவது பந்திதான் கிடைத்தது. பாயசம் தீர்ந்துபோயிருந்தது.